அம்மாவுக்காக ஊதிய மூச்சு

ஞாயிறு, இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், அக்கம்பக்கத்து நாட்டு மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடி ராஜபாளையம் மில் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்ததில், அத்தனை பேரையும் ஏமாற்றியவன் நானே.

மில்லில் வேலை பார்க்கும் அம்மா தினமும் ஊத வேண்டுமென்று மூச்சளக்கும் கருவியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். "மூச்சு கொறைஞ்சா மில்லுல நிறுத்திருவாக. நீ ஊதுலே," என்றாள் அம்மா. கபடியில் மூச்சடக்குவதில் நான் சிங்கம். தினமும் ஊதித் தள்ளினேன்.

இன்று ஆராய்ச்சிக் குழுவிலிருந்து யாழ்ப்பாணத்து டாக்டர் அக்கா வந்து கருவியைப் பார்த்தார். "அம்மாக்கு மூச்சு நல்லாக் குறைஞ்சு போச்சுது, தம்பி. மில் டொக்டருக்கும் சொல்ல வேணும்."

அம்மா என்னையே பார்த்தாள். அவர் போனதும், "ஒனக்கு என்னலே செய்யுது?" என்றாள். வேலை போகப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கருவி கோளாறு என்றேன். கோளாறெல்லாம் இல்லை. ஒரு வருஷமாக டியூஷன் முடிந்ததும் சிகரெட் பிடிக்கிறேன். கபடியில்கூட இப்போது என்னை வெளியேதான் உட்காரவைக்கிறார்கள்.