ரங்கூன் போன அப்புத்துரையின் முதற்கப்பல்

1963 பெப்ரவரி 20, புதன்

களத்தில் நெற்சூடு மிதித்து முடிந்தது. முடிந்தது என்று எழுதக்கூடாது, பொலிந்தது. எங்கள் வயல் நெல்லைக் கண்டு முரசுமோட்டையே மூக்கில் விரல் வைத்தது. முரசுமோட்டை என்றால், பக்கத்து வயல்காரன்.

இன்றைக்கு அருந்ததியைப் பார்க்க மாப்பிள்ளைப் பகுதி வந்தது. என் தங்கச்சி கமலாசனியின் ஒரே மகள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன் நான்தான் எல்லாம். மாப்பிள்ளை பரமலிங்கம் புளியங்குளத்தில் வாத்தியார். தகப்பன் தில்லைநாதன் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். வேட்டியில் கஞ்சி, சால்வையில் கஞ்சி, கதையிலும் கஞ்சி. சிரிப்பு என்ற சாமானே முகத்தில் இல்லை.

சபை சோர்ந்துபோகக் கூடாது என்று நான் ரங்கூன் போன கதையை எடுத்துவிட்டேன். மூன்று தரம் கப்பலில் போனது, நடுக்கடலில் கப்பித்தான் காய்ச்சலில் விழ நானே சுக்கான் பிடித்தது. (சுக்கான் இன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தது. நன்றாகவே வந்தது.) தில்லைநாதனின் மனுசி விமலேஸ்வரி வடையைக் கடிக்க மறந்து கேட்டா.

எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தில்லைநாதன் சொல்கிறார்: "காணி, நகை எங்களுக்குப் பெரிசில்லை. பொய் மட்டும் ஒத்துவராது. போன சம்பந்தம் ஒரு பொய்யாலதான் குழம்பினது. பொடிச்சி பத்துப் படிச்சது எண்டிச்சினம். விசாரிச்சா எட்டு."

இதை இந்த மனிசன் வடைக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதா?

பெப்ரவரி 22, வெள்ளி

ரங்கூனுக்கு நான் போகவில்லை என்பது எனக்கும் நான் எழுதும் இந்தக் கொப்பிக்கும்தான் தெரியும். போகப் புறப்பட்டது உண்மை. புளியங்குளம் மட்டும் போனதும் உண்மை. அங்கே ஒரு தேத்தண்ணிக்கடையில் இரண்டு வருசம் கோப்பை கழுவினேன். ரங்கூனுக்கு மிச்சம் கடல் மட்டும்தான்.

அருந்ததி கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்: "மாமா, எனக்கு இந்த இடம் விருப்பம். கலியாணம் முடியுமட்டும் உங்கட வாயைப் பூட்டித் திறப்பை என்னட்டைத் தாங்கோ."

பெப்ரவரி 26, செவ்வாய்

தில்லைநாதனின் கடிதம். இராமேஸ்வரத்தில் தீர்த்தமாட ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறதாம். அது முடித்துத்தான் கலியாணத்துக்கு நாள் வைப்பாராம். "என் மனைவிக்குக் கடல் பயம். கப்பலில் பழகிய தாங்களும் தங்கையாரும் கூட வந்தால் அவவுக்குத் தைரியமாக இருக்கும்."

கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். நான்கு தரமும் கப்பல் என்றுதான் இருந்தது.

நெல்லு வாங்க முல்லைத்தீவிலிருந்து யஹ்யா வந்தான். கடல் ஊர்க்காரன். மெல்ல விட்டுப் பிடித்தேன். "தம்பி யஹ்யா, இப்பத்தையக் கப்பலெல்லாம் எப்பிடி ஆடும்?"

"என்ன அண்ணை, மூண்டு தரம் ரங்கூன் போன ஆள் என்னட்டைக் கேக்கிறியள்?"

"உன்னைச் சோதிக்கிறன்."

அவன் சோதனையில் தேறினான். வயிற்றைக் கலக்குமாம், புளிப்பான தேசிக்காயை மூக்கில் வைத்து மணந்தால் நல்லதாம். போகும்போது சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னான்: "உங்கட சம்பந்தியார் கப்பல் கட்டுற தலைமன்னார்ப் பாலத்தடியில இருவத்தெட்டு வருசம் ரெயில்வே வேலையில இருந்தவரெல்லோ. கிழமைக்கு ஒருக்காக் கப்பலில போய் வருவார். கப்பல் அவருக்கு வீட்டு முற்றம்."

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. (கொஞ்சம்தான் இறங்கியது.)

மார்ச் 2, சனி

பயிற்சி. அறுத்த வயலில் மாட்டு வண்டிலை வரம்புக்குக் குறுக்கே விட்டு, மேலே பிடியாமல் எழும்பி நின்றேன். முதல் வரம்பு கப்பித்தான் மாதிரிக் கடந்தேன். இரண்டாவது வரம்பும் பரவாயில்லை. மூன்றாவது வரம்பை வண்டில் கடந்தபோது நான் அதில் இல்லை.

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் வீரகத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டைப் பழக்குகிறேன் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

கப்பல் பயணத்துக்கென்று ஊசி போட்டார்கள். கண்ணே வெட்டவில்லை நான். மூடியிருந்தேன்.

மார்ச் 11, திங்கள். இராமேஸ்வரம், மடம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைமன்னார்ப் பாலத்தடியில் கப்பல் நின்றது. இரணைமடுக் குளத்தைவிடப் பெரிது. சரி, குளம் வேண்டாம், கிளிநொச்சிச் சந்தையளவு. அடுக்கடுக்காகச் சனம். சிப்பந்திகள் எல்லாரும் தில்லைநாதனுக்குக் கை தூக்கினார்கள். நானும் அவர்களுக்குக் கை தூக்கினேன், பழைய சிநேகிதர் போல.

ஏறினவுடன் தலைமையை நான் எடுத்தேன். சூடு மிதிக்கும் களத்தில் நாங்கள் நெல் அள்ளும் கடகத்தைக் கடகம் என்பதில்லை, பெருவாயன் என்போம். முடிந்தது, இல்லை என்ற சொற்களைப் பூதம் கேட்டால் நெற்பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். கப்பலிலும் அதே சட்டம்தான் என்று பெண்களுக்கு அறிவித்தேன். கடல் என்று சொல்லக்கூடாது, 'பெரியவர்' என்று சொல்ல வேண்டும். தாழுறது என்ற சொல் வாயிலேயே வரக்கூடாது.

விமலேஸ்வரி அப்படியே பிடித்துக்கொண்டா. தில்லைநாதன் "இண்டைக்குக் கடல்..." என்று தொடங்கவே, "ஸ்ஸ்! பெரியவர்!" என்றா.

"ஆர் பெரியவர்?"

"கீழ கிடக்கிறவர்."

"இருவத்தெட்டு வருசம் கடல் எண்டு சொல்லித்தான் போய்வந்தனான். ஒருநாளும் தாழேல்லை."

"ஐயோ, தாழேல்லை எண்டும் சொல்லாதேங்கோ!"

அதுவரைக்கும் எனக்கு வெற்றிதான். அங்கேயே கரை வந்திருக்க வேண்டும்.

பிறகு, காற்று முகத்தில் அடிக்கிற பக்கம்தான் கப்பலில் மேலான இடம், ரங்கூன் கப்பலில் துரைமார் அங்கேதான் நிற்பார்கள் என்று தில்லைநாதனை ஓரக் கம்பியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வந்தார்.

அலை பனை உயரம் எழும்பியது. கடல் குளம்போலக் கிடந்தது என்று அவர் சொல்கிறார். கிடந்திருக்கலாம். என் வயிற்றுக்குள் பனை உயரம்தான். முதலில் காது அடைத்தது. பிறகு வாயெல்லாம் உப்புத் தண்ணீர். தேசிக்காயைத் தேடினேன், அது கமலாசனியின் பெட்டிக்குள். சுக்கான் பிடித்த கதையைச் சொல்லிச் சமாளிப்போம் என்று "அந்த நாளையில நான்..." என்று வாயைத் திறந்தேன்.

கதை வரவில்லை. காலமை சாப்பிட்ட இடியப்பமும் சம்பலும் வந்தன.

கடலுக்குத்தான் கொடுத்தேன். காற்று வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்தது. எனக்குப் பின்னால் தில்லைநாதன் நின்றார். சால்வை கஞ்சி போட்ட வெள்ளை. சம்பலில் நல்ல சிவந்த செத்தல் மிளகாய்.

அவர் என் தோளைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய்க் கம்பியில் சாய்த்துவிட்டு, "இஞ்ச சத்தி எடும்" என்றார். மிச்சத்தை அங்கே எடுத்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது.

கடலுக்குப் பயந்த விமலேஸ்வரியும் என் தங்கச்சியும் தனுஷ்கோடி வரைக்கும் கடலை கொறித்துக்கொண்டு வந்தார்கள்.

அருந்ததி, உன் மாமன் உன் கலியாணத்தைச் சத்தி எடுத்துப்போட்டான்.

மார்ச் 12, செவ்வாய்

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம். நான் முப்பது ஆடியிருப்பேன், அவ்வளவு தண்ணீர் தலையில் விழுந்தது. ஈர வேட்டியோடு தில்லைநாதன் பிரகாரத் தூணடிக்குக் கூப்பிட்டார். நேற்றிலிருந்து 'நீங்கள்' இல்லை, 'நீர்'தான்.

"நீர் எத்தினை வயசில நெல்லுத் தூத்தப் பழகினனீர்?"

"பத்து வயசில. முரசுமோட்டையில என்னைப்போலத் தூத்திறவன்..."

"தூத்தேக்க எந்தப் பக்கம் நிப்பீர்?"

"காத்துக்கு முதுகு குடுத்து."

"முகம் குடுத்து நிண்டா?"

"சப்பி பதரெல்லாம் வாய்க்குள்ள வரும்."

"அப்ப நேற்று?"

நான் தூணில் இருந்த யாளியைப் பார்த்தேன். அதுவும் எனக்கு உதவவில்லை.

"ஒருக்காக் கப்பலேறினவன்கூட அந்தப் பக்கம் நிண்டு சத்தி எடுக்கமாட்டான். உமக்கு நேற்றுத்தான் முதற்கப்பல். ஓமோ?"

"ஓம்."

இந்த இரண்டெழுத்துச் சொல்லைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருசம் பிடித்திருக்கிறது. புளியங்குளம், தேத்தண்ணிக்கடை, கோப்பை, எல்லாம் சொன்னேன். எத்தனை கோப்பை என்று மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

அவர் வேட்டியைப் பிழிந்தார். "பிள்ளையில ஒரு பிழையுமில்லை. ஆனா இந்தக் கதை பொய்யெண்டு உம்மட வாயால உம்மட ஊரில சொல்லும். இருவத்திநாலாந் தேதி ஞாயிறு வருவன். சந்தியில விசாரிப்பன். சொல்லியிருந்தா நாள் வைப்பம். இல்லாட்டித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவன்."

அப்போது விமலேஸ்வரி வந்து சால்வை எங்கே என்று கேட்டா. அதை நேற்றே கடலில் விட்டாயிற்று. "கடற்காகம் அசிங்கப்படுத்திப் போட்டுது" என்றார் தில்லைநாதன், கண் வெட்டாமல்.

அவ போனபின் நான் அவரைப் பார்த்தேன்.

"அது பொய்யில்லை" என்றார். "மனுசிக்குச் சொன்னது."

மார்ச் 14, வியாழன்

திரும்பி வந்தோம். காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றேன். ஒருவருக்கும் சேதமில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லத்தான் வீரகத்தியின் கடைக்குப் போனேன். பதினைந்து பேர் இருந்தார்கள். "கப்பல் எப்பிடி அண்ணை?" என்று கேட்டுவிட்டான். அலை தென்னை உயரம் என்று தொடங்கினவன், எழும்பும்போது கோபுர உயரத்தில் வந்து நின்றேன். சுக்கானும் பிடித்துவிட்டேன் போல இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

அருந்ததிக்கு எல்லாம் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். குசினிக்குள் போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, உங்களுக்கு ரங்கூன் பெரிசோ, நான் பெரிசோ?"

சோறு அப்படியே இருந்தது. இந்த முறை உண்மையாகவே.

மார்ச் 21, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வீரகத்தியின் கடையில் சனம் இருக்கிற வாங்கில் ஏறி நின்று சொன்னேன். "நான் ரங்கூன் போகேல்லை. புளியங்குளத்தில கோப்பை கழுவினனான்."

கடையே சிரித்தது. வீரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணைக்கு இண்டைக்கு என்ன பகிடி!" என்றான்.

"பகிடியில்லையடா! இராமேஸ்வரம் போன அண்டைக்குத்தான் முதல் தரம் கப்பலே கண்டது!"

நெல்லு வாங்க வந்திருந்த யஹ்யா எழும்பினான். "கேளுங்கோ, போன மாசம் கப்பலைப் பற்றி என்னைச் சோதிச்ச ஆள் இவர். தெரியாதவர் சோதிப்பாரோ?"

"நான் கண்டனான்," என்றான் வீரகத்தி. "வண்டிலுக்கு மேல பிடியாமல் நிண்டவர். கடலில நிண்ட காலெல்லோ!"

சத்தி எடுத்ததையும் சொன்னேன். அது நம்பவே முடியாத பொய்யாம். பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினேன். பெரிய மனிசன் பகிடிக்குப் பிள்ளையாரை இழுக்கக்கூடாது என்று பேச்சு வாங்கினேன்.

இருபத்தைந்து வருசம் நான் கட்டினதை என்னாலேயே இடிக்க முடியவில்லை. நல்ல வேலைக்காரன்தான் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன்?

மார்ச் 24, ஞாயிறு

காலமை பத்து மணிக்குத் தில்லைநாதன் பஸ்ஸால் இறங்கினார். புதுச் சால்வை. நேரே வீரகத்தியின் கடை. நான் பின்னால் பத்து முழம் தள்ளி நின்றேன். எங்கள் வீட்டு வாசலில் அருந்ததி நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

"இவர் ரங்கூனைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"சொன்னவர் ஐயா," என்றான் வீரகத்தி. "தான் போகேல்லையாம். வாங்கில ஏறிநிண்டு சத்தியம் வேற. சம்பந்தி பகுதிக்கு முன்னால பெருமை காட்டக்கூடாது எண்டு மறைக்கிறார் பாவம். நாங்கள் விடுவமோ? இப்பிடித் தன்னடக்கமான மனிசனை நீங்கள் எங்கையும் காணமாட்டியள்."

தில்லைநாதன் திரும்பி என்னைப் பார்த்தார். தன்னடக்கம் என்ற சொல்லை இரண்டு தரம் மெல்லச் சொன்னார். பிறகு சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணி சிந்தச் சிந்த. மேல்வாயில் இரண்டு பல் இல்லை அவருக்கு. அதனால்தான் இவ்வளவு காலமும் முகத்துக்கும் கஞ்சி போட்டு வைத்திருந்தார் போல.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்க முதலே, "கமலாசனி, பஞ்சாங்கத்தைக் கொண்டாங்கோ" என்றார். வைகாசியில் நாள் வைத்தாயிற்று. அருந்ததி குசினிக்குள் ஓடி ஒரு சட்டியை உடைத்தாள்.

அவர் போனபின் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்போம் என்று தொடங்கினேன். "எனக்கு அப்பவே தெரியும் அண்ணை" என்றாள். "ரங்கூனிலையிருந்து கொண்டந்து தந்த சீலையில வவுனியாக் கடைச் சீட்டுக் கிடந்தது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சீலை நல்ல சீலை."

கலியாணம் முடிய அருந்ததியைப் புளியங்குளத்தில் கொண்டுபோய் விடவேண்டும். மதவாச்சிப் பக்கம் போகிற ரெயிலில் போகலாம். இந்த முறை ஆரும் எங்கே போகிறாய் என்று கேட்டால், புளியங்குளத்துக்கு என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.