கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்த்தவன்

சகலை அவர்களுக்கு,

இன்று கரண்ட் போனது. உங்கள் அறையில் யு.பி.எஸ். கீ கீ என்று கத்தியது. என் வாய் முந்திக்கொண்டது. "சகல, சேவ் பண்ணுங்க!" என்று கூடத்திலிருந்தே கத்திவிட்டேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடைசிப் பந்தியின் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஐந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரி, ஐம்பது பேர். உங்களுக்கு எழுதும்போதாவது குறைத்துச் சொல்கிறேன்.

"ஆச்சு அண்ணே!" என்ற உங்கள் வழக்கமான பதில் உள்ளேயிருந்து வரவில்லை. வசந்தாதான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள். "கம்ப்யூட்டர் ஓடல அத்தான். யு.பி.எஸ். மட்டும் யாரும் அணைக்கல" என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்.

அதற்குள் மதுரையிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "அந்த மெஷின எடுத்துக் குடுத்ததே அண்ணன்தானாமே? அந்தக் கதையச் சொல்லுங்கண்ணே, கேப்போம்."

நானும் சொன்னேன். எத்தனை கல்யாணத்தில், எத்தனை ரயிலில் சொன்ன கதை! நாக்கு தானாகவே ஓடியது. ஆனால் உங்களுக்கு அதை நடந்தபடியே எழுத வேண்டும்போல் இருக்கிறது.

நான் செகந்திராபாத் பக்கம் போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவன். பத்தாவது பாஸ் என்று ஊரெல்லாம் சொல்வேன். எட்டாவதிலேயே நின்றுபோனவன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் மத்திய அரசு நிறுவனத்தில் வருஷக்கணக்காக மோல்டு டிசைன் செய்தவர். அதை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தீர்கள். பென்ஷன் வேலையை விட்டவன் என்று நம் மாமனார் உங்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். பேகம்பேட்டில் ஒரு கம்பெனி மட்டும் வாஷிங் மெஷின் தொட்டியை வார்க்கும் மோல்டு வரையச் சொல்லியிருந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. "உங்க வீட்டுக்கு வருவோம். எங்க முன்னாடி ஸ்கிரீன்ல திருப்பித் திருப்பிக் காட்டுங்க. பிடிச்சா மொத்த வேலையும் உங்களுக்கு."

உங்கள் பழைய கம்ப்யூட்டரோ தொட்டியைப் பாதி திருப்பியதும் உறைந்துபோய் நிற்கும். வசந்தா காபி போட்டு, ஆற்றி, கொண்டுவந்து வைத்த பிறகும் அப்படியே நிற்கும். அவர்கள் வரும் நாளில் அப்படி நின்றால், விட்டுவந்த நாற்காலியைப் போன்ற இன்னொன்றை யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியதுதான். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் சவரம் செய்வதையே மறந்திருந்தீர்கள்.

"கம்ப்யூட்டர் பஜார்ல எனக்குத் தெரியாத கடையா சகல? நம்மள்ட்ட விடுங்க!" என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடைதான். அதன் முதலாளி வீட்டுக் கல்யாண பிரியாணிக்கு வெங்காயம் அனுப்பியவன் நான்.

செகந்திராபாதுக்கு என் ஸ்கூட்டரில் போனோம். "ஆவோ சாப், க்யா ஹோனா?" என்று, என்ன வேண்டும் என்று கேட்டபடி முதலாளி எழுந்து வந்தார். இரண்டு மெஷின்களைக் காட்டினார். ஒன்றுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று ரேஷன் கடை எண்ணெய் டின் மாதிரி, கறுப்பாக, ஒரு மினுக்கும் இல்லாமல் இருந்தது.

"இதான் சகல!" என்று நீலத்தின் தலையில் தட்டினேன். "ஏரோப்ளேன் கணக்கா இருக்கு. பேகம்பேட்காரன் வாயப் பொளந்துருவான்."

"வோ கேம் கா ஹை சாப். பசங்க விளையாடறதுக்கு" என்று தெரிந்த அரைத் தமிழையும் சேர்த்துச் சொன்னார் முதலாளி.

"விளையாடுறவனுக்கே இம்புட்டு வேகம்னா, வேலை செய்யிறவனுக்கு எம்புட்டு இருக்கும்?"

கடையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் கறுப்புப் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் டிசைன் சாஃப்ட்வேருக்கென்றே சோதித்துப் பார்த்த கிராபிக்ஸ் கார்டா? தப்பு விழுந்தால் தானே திருத்திக்கொள்ளும் மெமரியா? ராப்பகலாக ஓடினாலும் சூடு தாங்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் முதலாளி வாயைத் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். "மெமரியெல்லாம் ஜோராத்தான் இருக்கும் சகல. புது மெஷினுக்கு எங்க மறதி வரப்போகுது?" சிரிப்பு இன்னும் கூடியது. அவர்கள் என்னோடு சேர்ந்து சிரிப்பதாகவே நான் நினைத்தேன்.

நீங்கள் எழுந்து என் பக்கத்தில் வந்தீர்கள். "அண்ணே, மண்டியில சரக்கு எப்படிப் பாப்பீங்க?"

"தூக்கித்தான். உள்ள காஞ்சு போன வெங்காயம் லேசா இருக்கும்ல?"

"அப்ப இது ரெண்டையும் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். நீலம் தக்கையாக இருந்தது. கறுப்பு, ஆட்டுக்கல் மாதிரி கையை இழுத்தது. "சகல! இதுதான் சரக்கு. அது வெறும் பகட்டு!" என்று கடை அதிர முழங்கினேன்.

"அண்ணன் சொல்லியாச்சு. இதையே பேக் பண்ணுங்க" என்றீர்கள்.

அதோடு விட்டேனா? விலை பேசுவதற்காக, தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலாளியின் கைமேல் போட்டு உள்ளே விரலைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விரலாலேயே விலை சொல்வது. அவர் பாம்பைத் தொட்டவர்போல் கையை உருவிக்கொண்டார். "அரே, யே க்யா சாப்! நக்கோ நக்கோ!" என்று, வேண்டவே வேண்டாமெனத் தலையாட்டினார். ஏ.சி. போட்ட கடை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. துண்டுக்குள் என் கை மட்டும் தனியாக நின்றது. இந்த முறை அவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது.

இஸ்திரி போட்ட சட்டையோடு நீங்கள் வந்து துண்டுக்குள் உங்கள் கையை விட்டீர்கள். "எங்கிட்டச் சொல்லுங்கண்ணே. நான் அவருக்கு ஹிந்தியில சொல்றேன்" என்றீர்கள். விரல் பாஷை உங்களுக்கு எங்கே தெரியும்? நான் அழுத்தினேன். நீங்கள் பெரிதாகத் தலையாட்டிவிட்டு ஒரு தொகையைச் சொன்னீர்கள். முதலாளியும் உடனே ஒப்புக்கொண்டார். எப்படி ஒப்புக்கொள்ளாமல் இருப்பார்? அவர் முதலில் கேட்ட விலையையே அல்லவா அவரிடம் திருப்பிச் சொன்னீர்கள்! ஸ்கூட்டரில் வரும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைப் புரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

பேகம்பேட்காரர்கள் வந்தார்கள். தொட்டி திரையில் வழுக்கிக்கொண்டு திரும்பியது, நிற்கவே இல்லை. வேலை முழுவதும் உங்களுக்கென்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மெஷினை யார் தேர்ந்தெடுத்தது என்று ஒருவர் கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். தூக்கிப் பார்த்து எடுத்தேன் என்று நானும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அண்ணன் சொல்றது சரிதான் சார், நல்ல பவர் சப்ளை கனமாத்தான் இருக்கும்" என்றீர்கள். அன்றைக்குத் தூக்கிய பெருமைதான், பிறகு நான் இறக்கவே இல்லை.

இன்று கூடத்தில் கதையைச் சொல்லி, "நான்தான் எடுத்தேன்" என்ற இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். அந்த இடத்தில் நீங்கள் "ஹவ்" என்பீர்கள், இந்த ஊர்க்காரர்கள் ஆமாம் போடுவதுபோல. அங்கே அடுக்கிவைத்த பந்தி நாற்காலிகள் இருந்தன.

"ஹவ். அத்தான்தான் எடுத்துக் குடுத்தாங்க" என்றாள் வசந்தா, வாசலிலிருந்து.

அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனேன். "நெசமா எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா தாயி?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும் அத்தான். எந்த மெஷின்னு அவர் ஏற்கெனவே பார்த்து முடிவு பண்ணித்தான் வச்சிருந்தார். 'அண்ணன விட்டுட்டுப் போய் வாங்கினா அவர் மனசு சங்கடப்படும்'னுதான் உங்களக் கூட்டிக்கிட்டுப் போனார்." பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் தேய்த்தாள் என்று நினைக்கிறேன்.

கூடத்துக்குத் திரும்பி வந்து நடுவில் நின்றேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த மெஷின எடுத்தது நான் இல்ல. அவர்தான். நான் சும்மா தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக ஒரு கதையைச் சொன்னதே இல்லை சகலை.

மதுரைக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "போனவருக்கே எல்லாப் பேரும் போகட்டும்னு சொல்றீங்க பாருங்க. அண்ணனுக்கு எம்புட்டுத் தன்னடக்கம்!"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் பேர் பெரிதாகிக்கொண்டே போனது. நீங்கள் கொடுத்த பேரைத் திருப்பி வாங்கிக்கொள்ள இனி நீங்களும் இல்லை. எட்டாவது படித்தவன், வெட்கத்தோடு அதைச் சுமந்துகொண்டுதான் நாளையிலிருந்து மண்டிக்குப் போய்வர வேண்டும்.