மாப்பிள்ளை சொன்ன ஷிப்யார்டு

சித்திரை 10, வியாழன்

காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். விக்கிரமங்கலத்தில் அக்கா வீடு. அக்கா மகள் செல்விக்கு உடையார்பாளையத்து வரன். மாப்பிள்ளை சிங்கப்பூரில். வீடியோவில் பேச்சு. தாய்மாமன் நான் தலையாட்டாமல் தட்டு மாறாது.

"வேலை எங்க தம்பி?"

"ஷிப்பு யார்டுங்க மாமா."

அங்கேதான் இடித்தது. விரல் மடக்கினேன்: ஷிப், பு, யார், டு. நான்கு. அசல் இங்கிலீஷில் இரண்டே துண்டு. 'ஷிப்' மேல் அழுத்தம், 'யார்ட்' அதற்கு வால், ஒரே மூச்சு. சிங்கப்பூரில் வெள்ளைக்கார மேனேஜர் என் தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொடுத்தது. எட்டு வருஷம் இருந்தேன். (வீட்டில் இரண்டு என்பார்கள். அவர்களா போய் இருந்தார்கள்?)

அங்கே வேலை செய்பவன் இப்படி உடைக்கமாட்டான். ஹோட்டலில் தட்டு கழுவுகிறானோ?

வெள்ளி

பாடாலூர் திரும்பியாயிற்று. மோட்டார் ரிப்பேர். எலக்ட்ரீசியன் வரவில்லை. அக்காவுக்குப் போன்.

"ரெண்டு துண்டுப் பேர நாலா ஒடைக்கிறான்க்கா மாப்பிள்ள. கப்பலப் படத்துலதான் பாத்திருப்பான்."

"வாயக் கழுவுடா. ஞாயித்துக்கெழம பதில் கேக்குறாங்க. புள்ளைக்குப் புடிச்சிருக்கு."

அதற்குள்ளா? அதுவும் சந்தேகம்.

ஞாயிறு

மறுபடி விக்கிரமங்கலம். கறிக்குழம்பு, காரம் தூக்கல். வீடியோவில் மாப்பிள்ளை. தலையில் ஹெல்மெட், பின்னால் கப்பல். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? ஓவர்டைமாம். கப்பல் படமாகவும் இருக்கலாம்.

"தம்பி, வேலை செய்யிற எடத்துப் பேர இன்னொரு தரம் சொல்லுங்க."

செல்வி குறுக்கே புகுந்தாள். "மொதல்ல நீ சொல்லு மாமா. நான் எண்ணுறேன்."

சொன்னேன், கம்பீரமாக. நான்கு விரலை மடக்கிக் காட்டினாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காரத்தில் நாக்கு தடித்திருந்தது, வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "மாமா, இங்க யாரும் முழுசாச் சொல்றதில்ல. வெறும் யார்டுதான். நீங்க இருந்தப்ப வேற மாதிரியோ என்னமோ."

என்ன பையன்! பெரியவனுக்கு வழிவிட்டுப் பேசுகிறான். இல்லை, குத்துகிறானா? யோசிக்க வேண்டும்.

"எங்க காலத்துல முழுசாத்தான் சொல்லணும் தம்பி. சட்டம்."

"தட்டு மாத்த எப்படா வரச் சொல்லட்டும்?" என்றாள் அக்கா. செல்வி என் வாயையே பார்த்தாள்.

"வைகாசியில வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன், இந்த மாப்பிள்ளையைச் சிங்கப்பூரிலேயே நேரில் பார்த்து முடித்தது நான்தான் என்று. ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்ன ஆளோ.