கொழுக்கட்டையை மறுத்த வாரம்

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் பனி. பாபநாசம் டாக்டர் வீடு. யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தே சத்தியம் செய்து எழுதுகிறேன்: சோழ மண்டலம் இதுவரை கண்டிராத உடம்பு ஒன்று எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் வளர்ந்து வருகிறது. என்னுடையது.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் கூரையைத் துளைத்தது.

"என்ன வேலை?"

"உட்கார்ற வேலைங்க. சீட்டு எழுதுறேன்."

"தினம் நடங்க. எண்ணெய், வெல்லம் தொடாதீங்க. இல்லன்னா நெஞ்சு ஒருநாள் வேலைநிறுத்தம் பண்ணிடும்."

எங்கே நடக்க? எப்போது?

பிப். 9, திங்கள்

வெயில். களம் நிறைய வண்டிகள். விடிந்ததும் உட்கார்ந்தவன், கடைசி மூட்டைக்குச் சீட்டு எழுதிய பிறகே எழுந்தேன். நடுவில் எழுந்தால் வரிசை கலங்கும்: "மாமா எந்திரிச்சிட்டாரு, இன்னிக்கு எடை அவ்ளோதான்." ஊருக்கே நான் மாமா.

எழுந்தபோது நாற்காலியும் கூட எழுந்தது. மூட்டை தூக்கும் மாரிமுத்துதான் பிடுங்கி எடுத்தான். அவன் இடுப்பு என் மணிக்கட்டளவு. காலையில் கஞ்சி, அதோடு சரி.

"ஒரே கொட்டாய்ல வேலை பாக்குறோம் மாமா. நான் இப்படி, நீங்க அப்படி."

"நீ மூட்டையத் தூக்குற, நான் வடையத் தூக்குறேன்டா."

"அதை இந்தப் பக்கம் தள்ளுங்களேன்."

தள்ள முடியாது. நெல் கொண்டுவருபவர் டீயும் வடையும் தருவார். அவர் பார்க்க நான் தின்ன வேண்டும். மறுத்தால் நெல் தள்ளுபடி என்று பொருள். எந்தச் சட்டசபை போட்ட சட்டமோ! ஆட்சி மாறியும் இது மாறவில்லை. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அதற்குள் வயிற்றில் ஒரு வடைக்கடை.

இன்னொரு எழுத்தர் வேண்டும் என்று மேலிடத்துக்கு மறுபடி எழுதினேன்.

நாளை முதல் எதையும் தொடுவதில்லை. உறுதி.

பிப். 10, செவ்வாய்

படுத்தால் போதும் என்றிருக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

முதல் வண்டி அஞ்சலையுடையது. பண்ணையாரிடம் நடவாளாக இருந்தவள். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு பிடுங்கிய அவர் நிலத்தில் ஒரு துண்டு அவளுக்கு வந்தது. அவள் பேரில் முதல் அறுவடை. 'நிலத்தைக் கவர்மெண்டு குடுக்கும், அவ நெல்லை எவன் வாங்குவான்?' என்று பண்ணையார் சொல்லித் திரிகிறாராம். அவருடைய கணக்குப்பிள்ளை தினமும் வாய்க்கால் மதகடியில் நிற்கிறார். நாங்கள் தள்ளிய நெல்லை அடிமாட்டு விலைக்கு வாங்க.

பூவரச இலையில் பொதிந்த கொழுக்கட்டையை நீட்டினாள். "புது அரிசிங்கய்யா."

"வேணாம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். நெல்லைக் கையில் எடுக்கக்கூட இல்லை. அதற்குள் நேற்றைய சீட்டில் தகராறு என்று ஒருவர் வந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் வண்டியைக் காணோம்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க! அஞ்சலை வண்டியத் திருப்பிடுச்சு. மதகுக்குப் போவுது" என்று கத்தினான் மாரிமுத்து.

ஓடினேன். பூமி அதிர்ந்தது. வாய்க்கால் தண்ணீர் மேற்கே திரும்பி மேட்டூருக்கே போனது. கல்லணையில் ஒரு கல் நகர்ந்தது. மயிலாடுதுறை வரை கோயில் மணிகள் தாமாக அடித்தன.

மதகடியில் கணக்குப்பிள்ளை கை அவள் மூட்டைக்குள் இருந்தது. எனக்கு மூச்சில்லை. அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் அந்தப் பொட்டலம். எடுத்தேன், பிரித்தேன், அவள் பார்க்கத் தின்றேன்.

கணக்குப்பிள்ளை கையை வெளியே எடுத்தார். "ஏன் மாமா, உடம்புக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னாராமே?"

வாய் நிறைய இருந்தது.

அஞ்சலை மாட்டைத் திருப்பினாள். "ஏறிக்குங்கய்யா."

மாடு என்னைப் பார்த்தது. நடந்தே வந்தேன். களத்தில் அவள் நெல்லைக் கடித்தேன். டக்கென்றது. நல்ல காய்ச்சல், ஈரமே இல்லை. சீட்டு எழுதினேன்.

பிப். 11, புதன்

மூட்டம். மழை வந்தால் எல்லா நெல்லும் ஈரம். இரவெல்லாம் இடது தோளில் வலி.

செய்தி பரவிவிட்டது. இன்று ஆளுக்கொரு பூவரச இலையோடு வரிசை. தின்றேன்.

மேலிடத்துப் பதில் லாரியில் வந்தது. எழுத்தர் இல்லை. ஒரு நாற்காலி. பெரிய அளவு.

"உங்களுக்குன்னே செஞ்சாப்ல இருக்கு மாமா" என்றான் மாரிமுத்து. சிரிக்க முயன்றேன், மூச்சு வாங்கியது.

உட்கார்ந்து நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கல்லணை நகரவில்லை. மணி அடிக்கவில்லை. ஓட்டம்கூட ஓட்டமில்லை, வேலியைப் பிடித்துப் பிடித்துப் போனதுதான். கொழுக்கட்டையில் வெல்லம் கம்மி. அது மட்டும் நிஜம்.