நான்கு பேர் சுவைத்த கிணறு

புளியங்கூடல்
வியாழக்கிழமை

அன்பு மகள் பைரவிக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், நீ அங்கே இரண்டு வகையிலும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய சப்பாத்து அப்பாவுக்குச் சற்று இறுக்கம், இருந்தும் ஊருக்குக் காட்டவென்று போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார். சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் போவது எங்கே போய் நிற்கும் என்பதை இந்த மாதம் நன்றாகப் படித்துவிட்டேன். மாக்கிறேற் ரீச்சரின் தம்பி ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவுக்குப் பயணம், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அங்குள்ள ஊர்ச் சங்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொடுதிரை ரப்லெற்றுகள் அனுப்பியது உனக்குத் தெரியும். வெளிநாட்டுச் சாமான், பழுதாகிவிடும் என்று அதிபர் அவற்றை ஒரு தவணை முழுவதும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். நானும் வற்புறுத்தவில்லை, கையில் திரை வந்தால் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று நம்புகிறவள் அல்ல நான். பிறகு மேலிடத்தில் விசாரிக்கத் தொடங்கியதும் என் நான்காம் வகுப்புக்குத் தந்தார். நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று. ஒருவர் படம் எடுக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, ஒருவர் பேசிப் பதிய வேண்டும், அடுத்த முறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். நால்வரும் தங்கள் எண்ணத்தைச் சொல்லாமல் வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை என்பது நான் போட்ட சட்டம். ஊர்க் கிணறுகளில் எது நல்ல தண்ணீர், எது உவர் என்று குடித்துப் பார்த்து வரைபடத்தில் பதியச் சொன்னேன். மற்றவருக்குத் தெரியாமல் ஒவ்வொருவரும் எழுதிவிட்டுப் பிறகு ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

குருசுமுத்துவின் மகள் அன்ரனிட்டா என்று ஒரு பிள்ளை. மூன்று வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருடனும் வாய் திறக்காதவள், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஐயர் வீட்டுத் துர்க்காவின் குழுவில் அவளை விட்டேன். பேசிப் பதியும் முறை அவளுக்கு வந்த அன்று ரப்லெற்றை வாய்க்கு அருகில் பிடித்து, "இந்தக் கிணறு உப்பு, எங்கட வீட்டுக் கிணத்தைவிட உப்பு" என்று சொன்னாள் பிள்ளை. வகுப்பு முழுவதும் கை தட்டியது. நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தக் கிணறு அம்பலவாணருடையது. அவருடைய மகளுக்கு ரொறன்ரோவில் சம்பந்தம் பேசி முற்றாக்கியிருக்கிறார், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு வளவு சீதனம் என்று சொல்லி. எங்கள் தீவில் அது எவ்வளவு பெரிய சொல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிபர் பெருமைப்பட்டு அந்த வரைபடத்தைப் பிள்ளைகளின் குரலோடு சங்கத்துக்கு அனுப்பிவிட்டார், சங்கத்தில் மாப்பிள்ளையின் தாய் இருக்கிறா. அன்றைக்கே அம்பலவாணருக்குப் போன் வந்துவிட்டதாம், கிணறு உப்பாமே, உண்மையோ என்று.

அடுத்த நாள் அம்பலவாணர் பள்ளிக்கூட விறாந்தையில் நின்று, பிள்ளைகள் எல்லோரும் கேட்க, "கடலுக்கை கிடக்கிற சனத்தின்ர நாக்குக்கு எல்லாம் உப்பாத்தான் இருக்கும்" என்றார். குருசுமுத்து கேள்விப்பட்டு ஓடி வந்து, "கடலில நிண்டு உழைக்கிறவன்ர பிள்ளைக்கோ அண்ணை உப்புத் தெரியாது?" என்று கேட்டான், கேட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள், ஆனால் வாய் மூடிவிட்டது. முறை வந்தால் ரப்லெற்றைத் துர்க்காவின் மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள். துர்க்கா என்னிடம் வந்து, "ரீச்சர், இவள் கதைக்கிறாளில்லை, நாங்கள் எப்பிடி வேலையை முடிக்கிறது?" என்று அழுகிறாள். நான் போட்ட சட்டம்தான் அவளை அழ வைக்கிறது.

இப்போது அம்பலவாணரும் அதிபரும் செய்திருக்கும் ஏற்பாடு என்னவென்றால், நாளை அதே நான்கு பிள்ளைகளும் அதே கிணற்றில் மறுபடி குடித்துப் பார்த்து, முதல் சொன்னது பிழை என்று பதிந்து சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். இதைக் கேட்டபோது கவலைப்படவில்லை, உண்மையைத்தானே சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். நேற்று அப்பா கடையில் இருந்து வேறொரு கதையோடு வந்தார். நல்ல தண்ணீர் ஏற்றும் பவுசர் வண்டி ஓடுகிற அன்ரனிதாஸ் சிரித்துச் சிரித்துச் சொன்னானாம், "முதல் மோட்டர் போட்டுக் கிணத்தை இறைச்சவை, பிறகு நான் பவுசரைக் கொண்டுபோய் ஊத்தினனான், நாளைக்கும் ஒண்டு ஊத்தவேணும், என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

யோசித்துப் பார் பைரவி. பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். குடித்துவிட்டு நல்ல தண்ணீர் என்றுதான் சொல்வார்கள், அந்த உண்மையே அவர்களைப் பொய்யர் ஆக்கிவிடும். அன்ரனிட்டா இனித் தன் நாக்கைத் தானே நம்ப மாட்டாள். அதிபரிடம் ஓடினேன், நீர்ச்சபை ஆட்களைக் கூப்பிட்டு அளப்போம், இல்லையென்றால் இரண்டு கிழமை விட்டுச் சுவைப்போம் என்று கெஞ்சினேன், யாரிடமும் அப்படிக் கெஞ்சியவள் அல்ல நான். "கலியாணம் முடியாமல் ஒண்டும் ஏலாது ரீச்சர்" என்றார். பிறகு, "நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் காணாதாம், உங்களை மாதிரிப் படிச்ச ஆக்களைத்தான் மாத்தித் தரச்சொல்லிக் கேக்கினம்" என்றார். ரப்லெற்றுகளைத் திரும்ப அலுமாரியில் வைக்கவும் சொல்லிவிட்டார், நாளைய வேலைக்கு ஒன்று மட்டும் வெளியே. அப்பாவோ, "உமக்கேன் ஊர் வழக்கு, ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கையும் கிடக்கு" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. அந்தப் பெண்ணும் என்னிடம் படித்தவள், அவள் என்ன பாவம் செய்தாள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை நிற்கிறது, எனக்கு வழி தெரியவில்லை அம்மா.

இருந்தும், பிள்ளைகள் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கும் முன்பு, இந்தக் கிணற்றுக்குப் பவுசர் வந்தது என்று அந்தப் பதிவிலேயே நான் சொல்லப் போகிறேன். அன்ரனிதாஸின் பெயரை எடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, ஒருவேளை அதிபர் என் சொல்லை வெட்டிவிட்டுப் பிள்ளைகளின் குரலை மட்டும் அனுப்பக்கூடும். இதை நீ வாசிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு நீ போவதில்லை என்று தெரியும், இந்த ஒரு முறை போ. அந்தப் பிள்ளைகள் பிழை விட்டவை என்று யாராவது சொன்னால் எழும்பி இல்லை என்று சொல்லு. மாப்பிள்ளையின் தாயிடமும் தனியாகப் போய்ப் பேசு, கிணறு உவர் என்றால் பெண்ணும் உவரா என்று கேள், உவர்க் கிணற்று வீட்டில் பிறந்தவள்தானே நீயும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, காலைச் சாப்பாட்டை விடாதே. நயினை அம்மன் உன்னோடு நிற்கட்டும், நல்லாயிரு பிள்ளை. கூட்டத்தில் பேசும்போது மீன்பிடிக்காரரின் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்கு அன்ரனிட்டா என்று பெயர் இருக்கிறது, அதைச் சொல்லு.

உன் அம்மா,
சு. கேதீஸ்வரி