முதுகு மட்டும் தெரிந்த அப்பா முயல்

லெம்விக், அக்டோபர் 19

அன்புள்ள சிஸெல்,

பேசாமல் இருந்தது போதும். நீ வரைந்து எடுத்த பொம்மைப்படம் இங்கே தியேட்டருக்கு வந்து ஏழு மாதமாகிறது. நானும் உன் அம்மாவும் நலம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. கனடாவில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், எழுதாததை வைத்து அப்படி எடுத்துக்கொள்கிறேன். போன வாரப் புயலில் கொட்டகைக் கூரை பிய்ந்துபோனது, நானே ஏறி ஆணி அடித்துவிட்டேன்.

உன் படத்தால் நான் பட்டதையும் கேள். செத்துப்போன தம்பி முயல் விளக்குச் சுடராக மேசையில் எரிகிறது, அக்கா முயல் தினமும் பெயரைச் சொல்லும்வரை அணையாது, கடைசியில் அவளே விளக்கின் கண்ணாடிக் கூண்டைத் திறந்து அவனைப் போகவிடுகிறாள். ஊரே அழுதது. அப்பா முயலோ படம் முழுக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, ஒரு தடவைகூட முகம் தெரியவில்லை. மீன்கடையில் ஹோல்கர் எல்லார் முன்னாலும், “என்னய்யா, சினிமா நடிகராயிட்டியாமே! முதுகுதான் தெரியுது, ஆனா உன் முதுகுதான்னு சத்தியம் பண்ணுவேன்” என்றான். ஆயர் மெரெதே அம்மாள் பிரசங்கத்திலேயே படத்தைப் புகழ்ந்தார். முப்பது வருடமாகப் பள்ளியில் மதபாடம் நடத்துகிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் வகுப்பில் ஒரு பையன், “எங்க தாத்தா பேரு எனக்கு மறந்துபோச்சே சார், அவரு அணைஞ்சிட்டாரா?” என்று விம்மி விம்மி அழுதான். இறந்தவர்களைக் காப்பாற்றும் வேலையை ஏழு வயதுக் குழந்தையின் தலையில் கட்டலாமா? நாம் மறந்தாலும் மறக்காத ஒருவர் இருக்கிறார் என்பதுதான் பாடம். நான் நம்புகிறேனா என்று கேட்காதே, பாடம் அது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். உன் தம்பி அஸ்கெரின் கல்லறை இடத்துக்கு அன்று பணம் கட்டிய இருபது வருடத் தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துச் சுவருக்குப் பின்னால் போட்டுவிட்டுச் சரளை பரப்பிவிடுவார்கள். அம்மா, “போகட்டுங்க. சிஸெலே படத்துல சொல்லிட்டாளே, போகவிடணும்னு” என்கிறாள். மூன்று வாரமாக அந்தப் புதுப்பிக்கும் தாள் என் மேசையில் கிடந்தது. உன் தம்பியின் கல் இருப்பதா போவதா என்பதை ஒரு பொம்மைப்படம் முடிவுசெய்வதா என்று எனக்குக் கோபம்.

அந்த முதுகு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அஸ்கெர் காய்ச்சலில் கிடந்த அன்று சாயங்காலம் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ மூன்று தடவை கதவருகில் வந்து, “அப்பா, தம்பி கழுத்தத் திருப்ப மாட்டேங்கறான்” என்றாய். மூன்று தடவையும் நான் திரும்பாமலே, “சளிதான், தூங்கவிடு” என்றேன். அது சளியல்ல, மூளைக்காய்ச்சல். உனக்கு எட்டு வயது, நீ சொன்னதுதான் சரி. இதை நான் உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

போன வியாழக்கிழமை வகுப்பில் வில்மா என்ற சிறுமி உன் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். மீன்கடையில் ஹோல்கர் சொன்னதையே இவளும் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு அந்த அப்பா முயல் ஏன் திரும்புவதில்லை, அன்பு இல்லையா என்று கேட்டேன். அவள் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஜன்னல் கண்ணாடிதான் முதல்லயே புயல்ல உடைஞ்சிடுச்சே சார். அவரு காத்த மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. திரும்பினா விளக்கு அணைஞ்சிடும்ல?” என்றாள்.

நூலகத்தில் படத்தை வாங்கிவந்து தனியாகப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி உடைகிறது. அதன்பிறகு அறைக்குள் ஒரு தாள்கூட அசையவில்லை, அப்பா முயலின் காது நுனிகள் மட்டும் படம் முடியும்வரை ஆடிக்கொண்டேயிருக்கின்றன. அப்படி நினைத்துத்தான் வரைந்தாயா, இல்லை குற்றஞ்சாட்டி வரைந்ததை ஒரு குழந்தை இரக்கப்பட்டுத் திருத்திக்கொண்டதா? கேட்கப்போவதில்லை. இருபது வருடம் நான் யாருக்கும் காற்றை மறிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தாளை இன்று நிரப்பிவிட்டேன், இன்னும் பத்து வருடம். அம்மா கல்லைத் தேய்க்கப் பிரஷ்ஷைத் தேடினாள்.

அம்மா பின்னிய காலுறை தனியாக வருகிறது. அந்தக் குளிரில் வெறும் தலையோடு திரியாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன், நானும் அதைத்தான் கேட்கிறேன். பிப்ரவரி பன்னிரண்டு அவள் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு.

கீழே என் பெயரைப் போட இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து இன்று கல்லறைத் தாளில் விழுந்துவிட்டது, அது போதும். முகம் போடாமலே நீ வரைந்தவன் யாரென்று ஊருக்கே தெரிந்தது. பெயர் போடாத இந்தக் கடிதம் யாருடையது என்று உனக்குத் தெரியும். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.