சனிக்கிழமைப் பச்சை விளக்கு

அனுப்புபவர்:
திருமதி கமலினி வரதராஜா,
வாட்டில் வீதி முனை வீடு,
மெல்பேர்ண்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
வீதிச் சமிக்ஞைப் பிரிவு,
மாநகர சபை.

விடயம்: வாட்டில் வீதிப் பாதசாரிக் கடவையில், சனிக்கிழமைகளில் பச்சை விளக்கு முன்புபோலத் தானாக எரியச் செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்த்துப் படிப்போம் என்று உங்கள் வரவேற்பு மேசையில் எழுதியிருப்பதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதிப் பார்த்துவிட்டேன்.

2. என் பக்கத்து வீட்டில் திரு. லேஸர் ரோத், அவர் மனைவி ஹென்யா என்னும் யூதத் தம்பதியர் வசிக்கிறார்கள். வெள்ளி மாலை பொழுதுபட்டது முதல் சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்நேரத்தில் கார் ஓட்டமாட்டார்கள், அடுப்பு மூட்டமாட்டார்கள், மின்சாரத்தில் இயங்கும் எதையும் இயக்கமாட்டார்கள். கடவைப் பொத்தானும் அதில் அடக்கம். இதை அறிந்துதான் அங்கே ஓய்வுநாள் முழுவதும் பச்சை தானாகவே முறைக்கு முறை வரும்படி சபை முன்பு வைத்திருந்தது. கடந்த ஆடிக் குளிரில் பழைய கம்பத்தை எடுத்துப் புதியது நட்டீர்கள். அழகான கம்பம்தான். ஆனால் அழுத்தினால் மட்டுமே பச்சை வருகிறது.

3. வாகனம் இல்லாத நேரம் பார்த்துச் சிவப்பிலேயே கடப்பவர்கள் உண்டு. திரு. லேஸர் அப்படிப்பட்டவர் அல்லர். வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பதும் தம் சமயக் கடமை என்பார். அவருடைய சமயம் பொத்தானைத் தொடாதே என்கிறது. உங்கள் விளக்கு தொடாமல் கடக்காதே என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எதிர்ப்பக்கத்தில் உள்ள அவர்களுடைய சிறிய தொழுகைக்கூடத்தில் ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சில பிரார்த்தனைகளைச் சொல்லலாம். பெரும்பாலும் இவர்தான் பத்தாவது ஆள். ஊன்றுகோலோடு இவரும் அருகில் ஹென்யாவும் இந்தப் பக்கம் நிற்க, அந்தப் பக்கம் ஒன்பது பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

4. எங்களுக்குச் சனி, எண்ணெய் முழுக்கு நாள். தலையில் நல்லெண்ணெயும் தோளில் துவாயுமாகக் குசினி யன்னலால் இந்தக் காட்சியைக் கண்டேன். ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். பச்சை வந்தது. இருவரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்களே தவிர அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி புன்னகை. எண்ணெய் கண்ணில் வழிய, எனக்குக் கோபமே வந்துவிட்டது. மறுநாள் ஹென்யா வந்து, வெட்கத்தோடு விளக்கினார். அவர்களுக்காகவென்றே வேறொருவர் செய்த வேலையின் பயனை அந்நாளில் அவர்கள் எடுக்கக்கூடாதாம். நான் என் சொந்தத் தேவைக்கு அழுத்திக் கடந்தால், கூடவே வரலாமாம்.

5. சொந்தத் தேவைக்கு எங்கே போவது? எதிர்ப்பக்கக் கடைகளும் யூதர்களுடையவைதான், எல்லாம் சனியில் பூட்டு. இருப்பது ஒரு பூங்காவும் அதில் உட்கார ஒரு மர வாங்கும்தான். அந்த வாங்கில் போய் இருப்பதே என் தேவை என்று முடிவுசெய்தேன். "உமக்கு அங்கால என்ன வேலை?" என்று கேட்டார் என் கணவர். "ஒரு வேலையும் இல்லை. அதுக்குத்தான் போறன்" என்றேன். தொடக்கத்தில் அது நடிப்புத்தான். உடம்பு வாங்கில், மனம் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தில். போகப்போக உண்மையாகவே தேவைப்படத் தொடங்கியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, காய்ச்சல் இல்லாமல் நான் சும்மா இருந்தது அங்கேதான்.

6. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். ஊரடங்குச் சட்டத்தில் நாள்கணக்காக வீட்டுக்குள் இருந்திருக்கிறேன். அதை யாரும் ஓய்வு என்று சொன்னதில்லை. அடிமைக்கு விடுமுறை இல்லை, அதனால் ஓய்வெடுப்பவரே விடுதலை பெற்றவர் என்று ஹென்யா சொன்னபோது, எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதவு திறந்திருக்க, விரும்பி உள்ளே இருப்பது வேறு. அந்த வேறுபாட்டை இந்த நகரம் எனக்குத் தந்திருக்கிறது. அதற்கு நன்றியுள்ளவளாகவே இதை எழுதுகிறேன்.

7. இனிக் குறைக்கு வருகிறேன். நான் ஆங்கிலத்தில் எழுதியதற்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலில், சனி காலைகளில் அந்தப் பொத்தான் தவறாமல் அழுத்தப்படுவது பதிவாகியுள்ளதால், அங்கு எவருக்கும் இடர்ப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை என்று கூறப்பட்டிருந்தது. ஐயா, அந்த விரல் என்னுடையது.

8. வரும் மார்கழியில் என் மகள் ராகவியின் பிரசவத்துக்காகச் சிட்னியில் உள்ள செவன் ஹில்ஸுக்குப் போகிறேன். பேரப்பிள்ளை எப்போது விடுகிறதோ அப்போதுதான் திரும்புவேன். என் கணவரை எனக்குப் பதிலாக அனுப்ப யோசித்தேன். ஆனால் தேவை உண்மையானதாக இருக்கவேண்டும். கோடைச் சனிக்கிழமையில் கிரிக்கெட்டை விட்டு எழும்பும் தேவை அவருக்கு எந்நாளும் வராது. அதன்பின் உங்கள் பதிவில் பொத்தான் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து, அங்கே கடக்க எவரும் இல்லை என்று முடிவுசெய்துவிட வேண்டாம். இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

9. ஆகவே, நான் புறப்படுமுன் அந்த விளக்கைப் பழையபடி அமைத்துத் தரும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறேன். அப்படியே பூங்கா வாங்கையும் தயவுசெய்து அகற்றிவிடாதீர்கள். திரும்பி வந்த பின்னும் சனி காலைகளில் நான் கடப்பேன். அப்போது பொத்தானில் கை வைக்கமாட்டேன். அவர்கள் இருவரோடு நானும் கையைக் கட்டிக்கொண்டு, பச்சை தானாக வரும்வரை நிற்பேன்.

நல்ல பதிலை எதிர்பார்த்து,
கமலினி வரதராஜா
(ஒப்பம்)

இடம்: மெல்பேர்ண்
திகதி: 16 நவம்பர் 2025, ஞாயிறு